பெயர்களுக்கு இடம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாத உரையில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியைப் பற்றிச் சொன்னீர்கள். தேடிப் பிடித்துக் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மெட்டுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர் கம்யூனிஸ்டுகளின் பிரச்சாரகர் என்றும், அரசாங்கத்திடம் காசு வாங்கிக்கொண்டு அணைகளைப் புகழ்ந்து எழுதியவர் என்றும் படித்தேன். உங்களுக்குப் பிடித்த ஐந்து பாடல்களைப் பட்டியலிட்டு, அவை ஏன் முக்கியமானவை என்று சொல்ல முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஐந்து என்று யார் உங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? எதைப் பற்றிப் பேசினாலும் ஐந்து சொல்லுங்கள், பத்து சொல்லுங்கள் என்கிறீர்கள். கேட்டு முடித்ததும் அந்த மனிதரை மூட்டை கட்டி வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடலாம் அல்லவா? ஆனாலும், போகிற போக்கில் நான் சொன்ன ஒரு பெயரை விடாமல் பிடித்துக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கவில்லை என்று தயங்காமல் எழுதவும் செய்கிறீர்கள். அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. தவிர, சில வாரங்களாக கத்ரியின் பாட்டு ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. உங்கள் கடிதம் சரியாக அந்த நேரத்தில் வந்தது.

அணை விவகாரம் உண்மைதான். 1941இல் கொலம்பியா நதி அணைகளின் மின்சாரத்தை விற்ற அரசு அமைப்பு அவரை ஒரு மாதத்துக்கு வேலைக்கு வைத்தது. சம்பளம் 266 டாலர் சொச்சம், கிடைத்தவை 26 பாடல்கள். மூன்று குழந்தைகள் இருந்த வீடு அது, வாங்கட்டுமே. ஊர் ஊராகப் போய் அறுவடை செய்யும் கூலிகளைப் பற்றிய 'பாஸ்சர்ஸ் ஆஃப் பிளென்டி'யும் அந்தக் கணக்கில்தான் வந்தது. கம்யூனிஸ்ட் பத்திரிகையில் அவர் பத்தி எழுதியதும் உண்மை. அதை அவரே மறைக்கவில்லை, நீங்கள் என்னவோ துப்பறிந்து கண்டுபிடித்தது போலப் பேச வேண்டாம். மெட்டுகள் பெரும்பாலும் இரவல். தேவாலயப் பாட்டு, பழைய கதைப்பாட்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொள்வார். மெட்டு ஏற்கெனவே பழகியதாக இருந்தால் கேட்பவரின் காது நேரே சொல்லுக்குப் போய்விடும்.

'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' உங்கள் காதில் விழுந்திருக்கும். 1940 பிப்ரவரியில், வானொலியில் ஓயாமல் ஒலித்த 'காட் பிளஸ் அமெரிக்கா' என்ற தேசபக்திப் பாட்டின் மீதிருந்த எரிச்சலில் எழுதியது. தனியார் நிலம் என்ற பலகையையும், நிவாரண அலுவலக வாசலில் பசியோடு நிற்பவர்களையும் பாடும் சரணங்களை விட்டுவிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2009 ஜனவரியில், ஒபாமா பதவியேற்பை ஒட்டி லிங்கன் நினைவகத்தில் நடந்த நிகழ்ச்சியில் 89 வயது நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் அவற்றையும் சேர்த்துப் பாடினார். இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

என்னைத் தூங்கவிடாத பாட்டு 'டிபோர்ட்டீ'. 1948 ஜனவரி 28 அன்று கலிபோர்னியாவில், கோலிங்காவுக்கு அருகே லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் ஒரு விமானம் தீப்பிடித்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். அவர்களில் 28 பேர் பண்ணைகளில் வேலை செய்துவிட்டு மெக்சிகோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தவர்கள். நியூயார்க்கிலிருந்த கத்ரிக்கு எட்டிய செய்தியில் விமானிகள், பணிப்பெண், குடிவரவுத் துறைக் காவலர் ஆகியோருக்குப் பெயர் இருந்தது. மற்ற 28 பேரும் வெறும் 'டிபோர்ட்டீ'கள், அதாவது 'நாடு கடத்தப்படுபவர்கள்'. அந்தக் கோபத்தில் எழுதிய பாட்டு அது.

நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் எதை வெட்டுவார்கள் தெரியுமா? பெயர்களை. வேலைக்குப் போன கூலிகள் லாரி கவிழ்ந்து செத்திருப்பார்கள். ஓட்டுநரின் பெயர் நிற்கும், ஏனென்றால் வழக்கு அவர் பேரில். லாரி உரிமையாளரின் பெயர் நிற்கும். பார்வையிட வந்த அதிகாரியின் பெயர் பதவியோடு, இனிஷியலோடு நிற்கும். செத்தவர்கள் எண்ணாகிவிடுவார்கள். "எண்ணிக்கை இருக்கிறதே, போதாதா? இடமில்லை" என்பார் எங்கள் செய்தி ஆசிரியர். கெட்ட மனிதர் அல்லர். என் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து பந்தல் வேலை பார்த்தவர். கெட்டவர்கள் செய்கிற காரியமாக இருந்தால் இது எப்போதோ நின்றிருக்கும். மறுநாள் அதே பக்கத்தில் திறப்பு விழாச் செய்தி வரும். மேடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் பெயரும் வரும்.

அதனால்தான் குரல் தட்டை, மெட்டு ஒன்றே என்று நீங்கள் எழுதியபோது எனக்குச் சுருக்கென்றது. குரலினிமைக்காக கத்ரியிடம் போகாதீர்கள். செய்தித்தாள் எதை வெட்டியது என்று பார்க்கப் போங்கள். 'டிபோர்ட்டீ'க்கு இன்று நாம் கேட்கும் மெட்டுகூட அவருடையது அல்ல. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து மார்ட்டின் ஹோஃப்மன் என்ற பள்ளி ஆசிரியர் போட்டது. அதற்குள் கத்ரி நரம்பு நோயோடு மருத்துவமனையில் இருந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் வீட்டிலேயே நாடாவில் அவர் பாடி வைத்த வடிவம் 2025இல்தான் வெளியானது. உங்களுக்குப் பிடிக்காத அதே குரல்தான். கேளுங்கள்.

அந்த 28 பேரையும் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் ஒரே குழியில் புதைத்திருந்தார்கள். டிம் ஹெர்னாண்டஸ் என்ற எழுத்தாளர் அலைந்து திரிந்து பெயர்களைத் திரட்டினார். 2013இல் அத்தனை பெயர்களோடும் அங்கே ஒரு கல் நடப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், ஃபிரெஸ்னோவின் சிறிய ஸ்பானிய இதழ் ஒன்று 1948லேயே அந்தப் பெயர்களை அச்சிட்டிருந்தது. அவர்களுக்குப் பக்கம் எங்கிருந்து கிடைத்தது?

கத்ரிக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. ஹுவான், ரோசலீட்டா என்று தாமாகவே சிலருக்குப் பெயர் வைத்து விடைகொடுத்தார். உண்மையான பெயர்கள் கிடைத்த பிறகும் மேடைகளில் ஹுவானும் ரோசலீட்டாவும்தான் ஒலிக்கிறார்கள். இசை தெரிந்த நண்பரிடம் இதைச் சொல்லிக் குறைபட்டேன். இருபத்தெட்டுப் பெயர்களுக்கு மெட்டில் இடமில்லை என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்புடன்.