சுவரெங்கும் வான் கோ: டிக்கெட் வாங்குமுன்

கேள்வி: நாங்கள் லண்டனில், ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். ஏழு வயதிலும் பத்து வயதிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள், வான் கோவின் ஓவியங்களைச் சுவரிலும் தரையிலும் ஒளியாகப் பாய்ச்சிக் காட்டும் 'இமெர்சிவ்' கண்காட்சிக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார்கள். முழங்கால் வலியுள்ள என் மாமியாரையும் சேர்த்து ஐந்து பேருக்கு டிக்கெட் 120 பவுண்டை நெருங்குகிறது. நேஷனல் கேலரியில் அசல் ஓவியங்களையே இலவசமாகப் பார்க்க முடியும்போது அவற்றின் நிழலுக்கு எதற்குப் பணம் என்று என் கணவர் கேட்கிறார். எதற்குப் போவது?

பதில்: உங்கள் கணவர் சொல்லும் தகவல் சரியானது. டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள நேஷனல் கேலரியின் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. 1888 ஆகஸ்டில் ஆர்ல் நகரில் வான் கோ தீட்டிய 'சூரியகாந்திப் பூக்கள்', அவருடைய வைக்கோல் நாற்காலியைத் தீட்டிய ஓவியம், 1889-இல் வரைந்த 'சைப்ரஸ் மரங்களுடன் கோதுமை வயல்' ஆகியவை அந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை. ஆனால் 'அசலுக்கு இலவசம், நிழலுக்குப் பணம்' என்று இரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்தான் கணக்குத் தவறுகிறது. இமெர்சிவ் கண்காட்சியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது ஓவியத்தைப் பார்க்கும் வாய்ப்பை அல்ல. இசையும் அசைவும் சேர்த்து, பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குத் தொகுக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியை வாங்குகிறீர்கள். ஆகவே அதன் விலையை ஐந்து பேர் ஒரு நாடகத்துக்கோ நல்ல திரையரங்குக்கோ போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படிப் பார்த்தால் 120 பவுண்டு கொள்ளையும் அல்ல, மலிவும் அல்ல. நிகழ்ச்சி நன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி.

இத்தகைய நிகழ்ச்சிகளில் ஏன் எப்போதும் வான் கோ, மோனே, கிளிம்ட் என்று அதே பெயர்கள் வருகின்றன என்று யோசித்திருப்பீர்கள். அவர்களுடைய புகழ் ஒரு காரணம். இன்னொன்று வணிகக் காரணம். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் பதிப்புரிமை பொதுவாகக் கலைஞர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். வான் கோ 1890-இலும், கிளிம்ட் 1918-இலும், மோனே 1926-இலும் இறந்துவிட்டதால் அவர்களுடைய ஓவியங்களுக்கு யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. 1973-இல் இறந்த பிக்காசோவின் படங்களை இப்படிச் சுவரில் ஓட்ட வேண்டுமென்றால் உரிமையாளர்களின் அனுமதி தேவை. யார் வேண்டுமானாலும் வான் கோ நிகழ்ச்சி நடத்தலாம் என்பதால்தான் தரத்தில் இவ்வளவு ஏற்றத்தாழ்வு காணப்படுகிறது. மேலும், ஒரே நகரில் ஏறத்தாழ ஒரே பெயரில் இரண்டு நிறுவனங்கள் டிக்கெட் விற்கும் நிலையும் உருவாகிறது. 2021-இல் நியூயார்க்கில் இதுவே நடந்து, எந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்குகிறோம் என்று சரிபார்த்துக்கொள்ளும்படி 'பெட்டர் பிசினஸ் பீரோ' அமைப்பு நுகர்வோரை எச்சரிக்க வேண்டியிருந்தது. எனவே பெயரை நம்பி வாங்காமல், நடத்தும் நிறுவனம் எது, இடம் எது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு, அந்த இடத்துக்கே போய்வந்தவர்கள் எழுதிய மதிப்புரைகளைப் படியுங்கள். வேறு நகரத்தில் நடந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்த ஐந்து நட்சத்திரம் உங்கள் டிக்கெட்டுக்கு உத்தரவாதம் ஆகாது.

இனி உங்கள் பிள்ளைகள் எங்கே எதைக் காண்பார்கள் என்பதற்கு வருகிறேன். நேஷனல் கேலரியின் 'சூரியகாந்திப் பூக்கள்' ஏறத்தாழ 92 சென்டிமீட்டர் உயரமும் 73 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. பலர் எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. அதை ஐந்து மீட்டர் சுவரில் விரிக்கும்போது பிரம்மாண்டம் கிடைக்கிறது, ஆனால் வான் கோ வண்ணத்தைக் களிம்புபோல் தடித்துப் பூசியதால் உண்டான மேடுபள்ளங்கள் தட்டையான ஒளியாகிவிடுகின்றன. அசலின் முன் நேராக நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். விதைகள் நிறைந்த பூவின் நடுப்பகுதி துணியிலிருந்து புடைத்து நிற்பதை ஏழு வயதுப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். ஜாடியின்மீது 'வின்சென்ட்' என்று கையெழுத்து இருப்பதைத் தேடச் சொல்வதும் நல்ல விளையாட்டு. கோதுமை வயல் ஓவியத்தின் வானத்தில் சுழலும் மேகங்கள், விளம்பரங்களில் நீங்கள் பார்க்கும் 'நட்சத்திர இரவு' ஓவியத்தின் வானத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டும் அவர் பிரான்ஸின் சேன்-ரெமி மனநல மருத்துவமனையில் இருந்த காலத்தவை. ஓவியங்கள் சில சமயம் வேறு அருங்காட்சியகங்களுக்கு இரவலாகப் போவதுண்டு என்பதால், புறப்படுமுன் கேலரியின் இணையதளத்தில் ஓவியத்தின் பெயரைத் தேடி, அது காட்சியில் இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அதற்காக, ஒளிக்காட்சியால் மட்டுமே செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. மார்பிள் ஆர்ச் அருகே 2022 முதல் இயங்கும் 'ஃபிரேம்லெஸ்' என்ற நிரந்தரக் காட்சியகத்தில், ரெம்பிராண்ட் தீட்டிய 'கலிலேயாக் கடலில் புயல்' ஓவியம் சுவரெங்கும் அலையடிக்கிறது. அதன் அசலை இன்று எந்த அருங்காட்சியகத்திலும் காண முடியாது. 1990 மார்ச்சில் பாஸ்டனிலுள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்ட 13 கலைப்பொருள்களில் அதுவும் ஒன்று, இன்றுவரை கிடைக்கவில்லை. நிறம் மங்கிய ஓவியங்களும் அப்படித்தான். வான் கோவின் 'படுக்கையறை' ஓவியத்தில் இப்போது நீலமாகத் தெரியும் சுவர்கள் முதலில் வெளிர் ஊதாவாக இருந்தவை. அவர் பயன்படுத்திய சிவப்பு நிறமி காலப்போக்கில் வெளிறிவிட்டது. அசலைத் தொடாமலேயே பழைய நிறத்தை ஒளியால் மீட்டுக் காட்ட முடியும். ஆனால் நான் அறிந்தவரை பல நிகழ்ச்சிகள் இந்த வேலையில் இறங்குவதில்லை. இதழ்களை உதிரவிட்டு, பியானோ இசையை ஓடவிட்டு முடித்துக்கொள்கின்றன. அதற்கு ஐந்து பேர் போகத்தான் வேண்டுமா என்பது என் சந்தேகம்.

மாமியாரின் முழங்காலைப் பற்றி: இமெர்சிவ் அரங்குகள் இருட்டானவை, தரையிலும் படங்கள் நகரும், இருக்கைகள் குறைவு, சில இடங்களில் தரையில் போட்ட மெத்தைகள்தான் இருக்கும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது. முதுகு சாய்ந்து உட்கார இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நேஷனல் கேலரியில் பல அறைகளில் இருக்கைகள் உள்ளன, மின்தூக்கி உண்டு, சக்கர நாற்காலியும் கேட்டுப் பெறலாம். ஒரு சிறு எச்சரிக்கை: 2022 அக்டோபரிலும் 2024 செப்டம்பரிலும் போராட்டக்காரர்கள் 'சூரியகாந்திப் பூக்கள்' மீது சூப்பை வீசியதைத் தொடர்ந்து, குழந்தைப் பால், மருந்து தவிர்ந்த திரவங்களை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கேலரி 2024 அக்டோபரில் விதித்தது. பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்கள் வாசலில் சிக்கலாகலாம்.

என் யோசனை இதுதான்: முதலில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கேலரிக்குப் போங்கள், அன்று இரவு 9 மணிவரை திறந்திருக்கும். ஒரு மணி நேரம், நான்கைந்து ஓவியங்கள் போதும். அதன் பிறகும் பிள்ளைகள் சுவரெங்கும் ஓடும் வான் கோவைக் கேட்டால், கணவரோ நீங்களோ ஒருவர் மட்டும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். செலவு பாதிக்குச் சற்று மேல் ஆகும், மாமியாருக்கும் சிரமம் இல்லை.

கேள்வி: ஒரு நிகழ்ச்சியின் விளம்பரத்தில் நான்கு சுவர்களும் கூரையும் தரையும் ஓவியமாக மிதந்தன. போய்ப் பார்த்தால் ஒரு கூடாரத்துக்குள் மூன்று திரைகளும் சில அச்சுப் படங்களும்தான் இருந்தன. தலா 28 பவுண்டு வீதம் நான்கு டிக்கெட்டுகளை இணையத்தில், கடன் அட்டையில் வாங்கினேன். இணையத்தில் வாங்கினால் 14 நாள்களுக்குள் ரத்து செய்யலாமே, பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: 14 நாள் ரத்துரிமை உங்களுக்குப் பொருந்தாது. குறிப்பிட்ட தேதியில் நடக்கும் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகள் அந்த உரிமையைத் தரவில்லை. ஆனால் உங்கள் குறை மனம் மாறியது பற்றியது அல்ல, விளம்பரப்படுத்தியதைத் தராதது பற்றியது; அதற்கு 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. சேவையைப் பற்றி வணிகர் சொன்னவற்றை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால், அந்த வாக்குறுதிகள் ஒப்பந்தத்தின் பகுதியாகவே கருதப்படும். நிறைவேறாவிட்டால் விலைக்குறைப்புக் கோரலாம், அது முழுத் தொகையாகவும் இருக்கலாம். விளம்பரத்தின் திரைப்பிடிப்பையும் உள்ளே எடுத்த புகைப்படங்களையும் இணைத்து, நடத்துநருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 'படங்கள் மாதிரிக்கு மட்டுமே' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். முக்கியமான விஷயத்தில் ஏமாற்றிவிட்டு அந்த வரியின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

கடன் அட்டை விஷயத்தில் பலர் தவறாக எண்ணும் ஓர் இடம் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, விற்பவரோடு சேர்த்து அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. ஆனால் வாங்கிய ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். உங்கள் மொத்தச் செலவு 112 பவுண்டு என்றாலும் ஒவ்வொரு டிக்கெட்டும் 28 பவுண்டுதான் என்பதால் இந்தப் பிரிவு பெரும்பாலும் உதவாது. மாற்றாக, அட்டை வழங்கிய வங்கி மூலம் விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்பப் பெறும் 'சார்ஜ்பேக்' கேளுங்கள். அது சட்டம் அல்ல, விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகளின் விதி. டெபிட் அட்டைக்கும் உண்டு, பொதுவாக 120 நாள்களுக்குள் கோர வேண்டும். ஆகவே நடத்துநரின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

விளம்பரப் படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டதாக இருந்தாலும் நிலைமை இதுவே. 2024 பிப்ரவரியில் கிளாஸ்கோவில் சாக்லேட் தொழிற்சாலைக் கருப்பொருளில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு இத்தகைய படங்களைக் காட்டி 35 பவுண்டு வரை டிக்கெட் விற்றார்கள். வெறுமையான கிடங்கைக் கண்ட பெற்றோர் கொதித்தெழ, அன்றே நிகழ்ச்சி நிறுத்தப்பட்டு, காவல்துறையும் வர வேண்டியதாயிற்று. இடத்தின் உண்மையான புகைப்படமோ காணொளியோ ஒன்றுகூட வெளியிடாத நிகழ்ச்சிக்கு நான் முன்பணம் கட்டமாட்டேன்.

கேள்வி: ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாம் போகிறோம். 'நட்சத்திர இரவு' ஓவியத்தைப் பார்க்க வான் கோ அருங்காட்சியகத்துக்கு எங்கே டிக்கெட் வாங்குவது? சில இணையதளங்களில் விலை இரட்டிப்பாக இருக்கிறது.

பதில்: முதலில் ஒரு சங்கடமான செய்தி: அந்த ஓவியம் ஆம்ஸ்டர்டாமில் இல்லை. 1941 முதல் அது நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோன் நதியின்மேல் நட்சத்திரங்கள் ஒளிரும் இன்னொரு இரவுக் காட்சி பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தினுடையது. ஆனாலும் ஏமாற்றம் வேண்டாம். 1973-இல் திறக்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் சுமார் 200 ஓவியங்களும் 500 வரைபடங்களும் உள்ளன, மேலே சொன்ன 'படுக்கையறை'யும், லண்டனில் உள்ளதைப் போன்ற இன்னொரு சூரியகாந்தி ஓவியமும் அவற்றில் அடங்கும். இந்தச் சூரியகாந்தி ஓவியம் இனி வெளியூர்க் கண்காட்சிகளுக்கு அனுப்பப்படாது என்று 2019-இல் முடிவு செய்திருக்கிறார்கள்.

டிக்கெட்டை அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்திலேயே நேரம் குறித்து வாங்குங்கள். வாசலில் விற்பனை இல்லை. பெரியவர்களுக்கு 25 யூரோ அளவில் ஆகும், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், ஆனால் அவர்களுக்கும் நேரச்சீட்டுப் பதிவு செய்தாக வேண்டும். இரட்டிப்பு விலையில் விற்கும் தளங்களில் பல, படகுச் சவாரியையோ வழிகாட்டியையோ சேர்த்துக் கட்டியிருக்கும். பிள்ளைகளுக்கும் கட்டணம் கேட்டால், இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று பொருள். ஆகஸ்ட் நெரிசலான மாதம், சில வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: இமெர்சிவ் கண்காட்சியில் கூடுதலாக ஐந்து பவுண்டு கட்டினால் தலையில் மாட்டும் வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கருவி தருகிறார்கள். வாங்கலாமா? டிக்கெட்டுடன் கடைசியில் 'சேவைக் கட்டணம்' சேர்ப்பது முறையா?

பதில்: வி.ஆர். கருவியைப் பெரியவர்கள் வாங்கலாம். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். மெட்டா நிறுவனம் தன் குவெஸ்ட் கருவிக்குக் குறைந்தபட்ச வயதாகப் பத்தை வைத்திருக்கிறது. பணம் கட்டுமுன் வயது வரம்பைக் கேளுங்கள், வாசலில் மறுத்தால் அந்த ஐந்து பவுண்டுக்காக வாதாட வேண்டியிருக்கும்.

தவிர்க்க முடியாத கட்டணம் எதுவானாலும் தொடக்கத்திலேயே காட்டும் விலையில் அடங்கியிருக்க வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 6 முதல் பிரிட்டனில் சட்டம். கடைசிப் பக்கத்தில் திடீரென்று முளைத்தால், திரைப்பிடிப்பு எடுத்து 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பின் நுகர்வோர் பிரிவிடம் சொல்லுங்கள். புகாரை உள்ளூர் வணிகத் தர அலுவலகத்துக்கு அவர்கள் அனுப்பிவைப்பார்கள்.