பிரசவ அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி என்றால்?
மகப்பேறு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 32 வாரம். குழந்தை பிறந்த பிறகுதான் அம்மா திருநெல்வேலியிலிருந்து வர முடியும். டூலா (பிரசவ நேரத்தில் கூடவே இருந்து தைரியம் சொல்லும் துணைப் பெண்) வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் தோழி. ஆஸ்பத்திரியிலோ பிரசவ அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதியாம். கணவரா, டூலாவா?
– வாசகி, ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: டூலாவுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆஸ்பத்திரியில் மறுபடி கேளுங்கள். ‘ஒருவர்தான்’ என்று சொல்லும் இடத்திலும் ஆள் மாற்றிக்கொள்ள விடுவது உண்டு. டாக்டர் சம்மதித்தால் அதை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். அவர் வாயால் சொன்னது இரவு டூட்டி நர்ஸுக்குத் தெரிந்திருக்காது.

ஒருவர்தான் என்று முடிவாகிவிட்டால், கடைசி வரை பக்கத்தைவிட்டு நகராதவர் யாரோ அவரே உள்ளே வரட்டும். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2017-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைப் பார்த்தது. இடைவிடாத துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, வலி நேரம் ஓரளவு குறைந்தது. பலன் அந்த ‘இடைவிடாத’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. நடுவில் போன் பேச வெளியே போகிறவரால் ஆகாது. ரத்தம் பார்த்தால் தலைசுற்றும் கணவர் என்றால் டூலாவே உள்ளே போகட்டும். இல்லையென்றால் கணவரே வரட்டும், அவருக்கு முன்கூட்டியே பழக்கிவிட டூலாவிடம் சொல்லுங்கள்.

பழக வேண்டியதில் முக்கியமானது முதுகு அழுத்தம். வலி ஏறத் தொடங்கியதும், வால் எலும்புக்கு மேலே இருக்கும் தட்டையான எலும்பில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பைச் சாய்த்து அழுத்த வேண்டும். வலி இறங்கும்வரை, சுமார் ஒரு நிமிடம், கையை எடுக்கக் கூடாது. விரலால் பிசைந்தால் சீக்கிரமே அவர் கை ஓய்ந்துபோகும், உங்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். இரண்டு மணிக்கொரு முறை சிறுநீர் கழிக்க அழைத்துப்போவதும் அவர் வேலை. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குழந்தையின் தலை இறங்கத் தடையாகும். வலி நேரத்தில் உட்கார உதவும் பெரிய காற்றுப் பந்து வாங்கினால், உட்கார்ந்து பாருங்கள்: முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். முழங்கால் இடுப்புக்கு மேலே ஏறி நின்றால் பந்து சிறியது, அல்லது காற்று போதவில்லை.

டூலா பிரஷர் பார்க்க மாட்டார், உள்பரிசோதனை செய்ய மாட்டார், பிரசவம் பார்க்கவும் மாட்டார். நம் நாட்டில் இத்தொழிலுக்கு அரசுப் பதிவும் கிடையாது. ஆகவே சான்றிதழைப் பார்ப்பதோடு நிற்காமல் கேளுங்கள்: 38-ஆவது வாரத்திலிருந்து நடுராத்திரியிலும் போன் எடுப்பாரா? அவருக்கே காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் யார்? சிசேரியன் ஆனால் பணம் எப்படி? சிசேரியனே வராது என்று உறுதி கொடுப்பவரையும், எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி) என்றதும் முகம் சுளிப்பவரையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரசவமாகி 24 நாள். குழந்தை தூங்கினாலும் மனைவிக்குத் தூக்கம் வருவதில்லை, காரணமில்லாமல் அழுகிறாள். ‘பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்’ என்கிறார் அம்மா. டூலா தியானம் செய்யச் சொல்கிறார்.
– வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: அம்மா சொல்வது முதல் இரண்டு வாரத்துக்குச் சரி. இரண்டு, மூன்றாம் நாளில் தொடங்கும் அழுகை அதற்குள் தானாக அடங்கிவிடும். உங்கள் வீட்டில் 24 நாளாகிவிட்டது. படுத்தும் தூக்கம் வராதது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். இது டூலாவின் எல்லையைத் தாண்டியது.

இந்த மனச்சோர்வைக் கண்டறிய எடின்பரோ வினாத்தாள் என்று 10 கேள்விகள் கொண்ட தாள் உண்டு, தமிழிலும் இருக்கிறது. கடந்த 7 நாளைப் பற்றிக் கேட்கும். மொத்தம் 30 மதிப்பெண். 10-ஐத் தொட்டாலே டாக்டரிடம் பேசுங்கள், 13 அல்லது அதற்கு மேல் என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். கடைசிக் கேள்வி தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அதற்கு ‘இல்லை’ தவிர வேறு பதில் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள். இரண்டில் எது கோளாறானாலும் சோர்வு இதேபோல் காட்டும்.

மருந்து என்றால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே சேரும். டாக்டரைக் கேட்காமல் பாலையும் நிறுத்தாதீர்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். தெரபி (மனநல ஆலோசகருடன் பேசும் சிகிச்சை) பெரும்பாலும் வாரம் ஒரு முறை, இரண்டு மூன்று மாதம் போகும். இரவில் நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் மனைவி படுக்க, ஒரு வேளைப் பாலைக் கறந்து வைத்து நீங்கள் கொடுங்கள்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் வார்டு 2009 முதல் இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது, நாள்கணக்கில் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தாயைக் குழந்தையோடு தனியே விடாமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: பத்தியம் என்று மாமியார் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார். குடித்தால் வயிறு பெருத்துவிடுமா?
– வாசகி, அல்சூர்

பதில்: பெருக்காது. குறைத்தால் மலச்சிக்கலும் சிறுநீர்க் கடுப்பும்தான் வரும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் பக்கத்தில் இருக்கட்டும். பெங்களூர்க் குளிருக்கு வெந்நீராகக் குடித்தால் மாமியாருக்கும் சமாதானம். பூண்டுக் குழம்பையும் சுறாப்புட்டையும் மறுக்காதீர்கள்.