ரீயூனியனுக்கு வந்த பின் இணையத்தில் வாக்களிக்க முடியுமா?

தம்பி, புதுச்சேரியில் இருந்தவரை பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் வீட்டுக் கணினியிலேயே வாக்களித்த பிரெஞ்சுக் குடிமகனான நீங்கள், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குக் குடிவந்த பிறகும் அப்படிச் செய்யலாமா என்றும், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்கள் மனைவி இங்கிருந்தபடியே இந்தியத் தேர்தலில் வாக்களிக்க வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் முடியாது, ஆனால் காரணங்கள் வேறு வேறு.

கடல் கடந்து வந்திருந்தாலும், 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாக இருக்கும் இந்தத் தீவில் நீங்கள் சட்டப்படி உள்நாட்டு வாக்காளர். வெளிநாடு வாழ் பிரெஞ்சுக் குடிமக்களுக்கென 11 தொகுதிகள் இருக்கின்றன. இந்தியா அவற்றில் 11ஆவது தொகுதியைச் சேர்ந்தது. துணைத் தூதரக வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும், அதுவும் நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலுக்கும், வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களின் பிரதிநிதிகளான தூதரக ஆலோசகர்களின் தேர்தலுக்கும் மட்டும், இணைய வாக்கு உண்டு. அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியிலும் நீங்கள் வரிசையில் நின்றுதான் வாக்களித்திருப்பீர்கள்.

ஆகவே முதல் வேலையாக, நீங்கள் குடியிருக்கும் ஊரின் மேரிக்கு (நகராட்சி அலுவலகத்துக்கு) சென்று, அல்லது அரசின் இணையதளம் வழியாக, வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையோடு மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று, உதாரணமாக மின்கட்டண ரசீது, தேவைப்படும். உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் அவர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டையின் நகல், அந்த முகவரியில் உங்கள் பெயருக்கு வந்த ஏதேனும் ஓர் ஆவணம் ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். வாக்களிப்புக்கு ஆறு வாரங்களுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பொதுவாகக் கடைசி நாள். 2019 முதல் ஒருவர் ஒரே பட்டியலில்தான் இருக்க முடியும் என்பதால், இங்கே பதிந்ததும் தூதரகப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிடும். வசதிக்காகப் பழைய பதிவையே வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது முறையுமல்ல, அதிபர் தேர்தல் வரும்போது உங்கள் வாக்குச்சாவடி புதுச்சேரியில் இருக்கும் என்பதையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இணைய வாக்கை இழந்ததற்காக அதிகம் வருந்த வேண்டாம் என்பது என் கருத்து. இணையத் தாக்குதல் அச்சத்தால் 2017 நாடாளுமன்றத் தேர்தலில் அரசே அதை நிறுத்தி வைத்தது. 2022இல் மீண்டும் வந்தபோது, மின்னஞ்சலில் அடையாள எண்ணும் கைபேசிக் குறுஞ்செய்தியில் கடவுச்சொல்லும் அனுப்பும் ஏற்பாட்டில், சில நாடுகளில் குறுஞ்செய்தி பலருக்குப் போய்ச் சேரவேயில்லை; அதனால் 2, 9 ஆகிய இரு வெளிநாட்டுத் தொகுதிகளின் முடிவுகளை அரசியலமைப்பு மன்றம் 2023 ஜனவரியில் செல்லாதென அறிவித்து, மறுதேர்தல் நடந்தது. கண் மங்கிய தாத்தாவுக்காகப் பேரன் கைபேசியைப் பிடித்துப் பொத்தானை அழுத்தும்போது வாக்கு யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. இங்கோ, மறைப்புக்குள் தனியாகச் சென்று சீட்டை உறையிலிட்டு, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பெட்டியில் போடுகிறீர்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் அதே அறையில் உறைகளைப் பிரித்து எண்ணுவதை எந்த வாக்காளரும் நின்று பார்க்கலாம். வாக்கு நாளில் ஊரில் இல்லாவிட்டால், இணையத்தில் விண்ணப்பித்துக் காவல் நிலையத்தில் அடையாளத்தைக் காட்டி, இன்னொரு வாக்காளருக்கு அதிகாரம் கொடுக்கலாம். அவர் வேறு ஊரில் பதிந்தவராக இருந்தாலும் சரி, உங்கள் சாவடிக்கு வந்து வாக்களிக்க வேண்டும்.

புதுச்சேரியிலேயே இருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உங்கள் பெற்றோர் தொடர்ந்து இணையத்தில் வாக்களிக்கலாம். தூதரகப் பதிவில் அவர்களுடைய மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். எண் மாறியிருந்தால் கடவுச்சொல் வந்து சேராது.

உங்கள் மனைவியின் நிலைதான் சிரமமானது. இந்தியா 2010இல் சட்டத்தைத் திருத்தி வெளிநாடு வாழ் குடிமக்களுக்கு வாக்குரிமை தந்தது. படிவம் 6ஏ-வை நிரப்பி, கடவுச்சீட்டில் உள்ள இந்திய முகவரிக்குரிய தொகுதியில் அவர் பதிந்துகொள்ளலாம். ஆனால் வாக்களிக்க அசல் கடவுச்சீட்டுடன் அந்தச் சாவடிக்கே நேரில் போக வேண்டும். பதிலாள் வழி வாக்களிக்க அனுமதிக்கும் மசோதா 2018இல் மக்களவையில் நிறைவேறியும், மறு ஆண்டு அவை கலைந்ததால் காலாவதியாயிற்று. ரீயூனியன் தேர்தல்களிலும் அவருக்கு வாக்கில்லை. நகராட்சித் தேர்தலில்கூட ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. பிற்காலத்தில் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றால், இந்தியக் குடியுரிமையும் அதனுடன் இந்திய வாக்கும் போய்விடும் என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.