மறதிநோய் உள்ள தந்தை தானே செய்துகொள்ள எதுவரை விடலாம்?

கேள்வி: என் தந்தைக்கு வயது 76. அல்சைமர் வகை மறதிநோய் என்று ஒன்றரை ஆண்டுக்கு முன் மருத்துவர்கள் உறுதிசெய்தார்கள். சட்டையை உள்வெளி மாற்றிப் போட்டுக்கொள்வதையும் முகச்சவரத்தைப் பாதியில் நிறுத்திவிடுவதையும் பார்த்து, உடுத்துவது, சவரம், குளியல் எல்லாவற்றையும் இப்போது நாங்களே செய்துவிடுகிறோம். பணப்பையையும் வாங்கி வைத்துவிட்டோம். மாலையில் தனியே நடந்துவரப் போவேன் என்கிறார். அண்ணன் கதவைப் பூட்டச் சொல்கிறார். கடந்த ஆறு மாதத்தில் அப்பா மிகவும் ஒடுங்கிப்போய்விட்டார், குளிக்க அழைத்தால் மட்டும் கோபப்படுகிறார். எதை அவரிடம் விடலாம், எதை நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் தந்தை ஒடுங்கிப்போனதற்கு நோயின் போக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், கையில் இருந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் போனதும் அவர் ஒடுங்கியதும் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன என்று தோன்றுகிறது. நீங்கள் அக்கறையினால்தான் செய்தீர்கள். ஆயினும் மறதிநோயில் புழக்கம் விட்டுப்போன திறனைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம் என்பதால், அவரால் செய்யக்கூடியவற்றை அவர் கைக்கே திருப்பிக் கொடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அதற்கு முன் ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். வலி, மலச்சிக்கல், காது மந்தம், கண்புரை, மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் ஒருவரை உள்ளதைவிட இயலாதவராகக் காட்டும், இவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு. தூக்க மாத்திரைகள், பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், சிறுநீரைக் கட்டுப்படுத்தத் தரும் சில மருந்துகள் ஆகியவை குழப்பத்தைக் கூட்டக்கூடியவை என்பதால், அவர் சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரெனக் குழப்பம் அதிகரித்தால் அதை மறதிநோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. டெலிரியம் எனப்படும் அந்த நிலைக்குப் பெரும்பாலும் நோய்த்தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ மருந்தோ காரணமாக இருக்கும், உடனடிச் சிகிச்சையும் தேவைப்படும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்த வேலையையும் முழுதாக அவரிடம் விடுவது அல்லது முழுதாக நீங்கள் எடுத்துக்கொள்வது என்று இரண்டே வழிகள் இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. சட்டை போடுவது என்பதே பல சிறு படிகள் கொண்டது. அவற்றில் எந்தப் படியில் அவர் தடுமாறுகிறார் என்று கவனித்து, அந்தப் படிக்கு மட்டும் கைகொடுத்துவிட்டு மற்றவற்றை அவரிடமே விடுவதுதான் நான் எல்லாக் குடும்பங்களுக்கும் முதலில் சொல்வது.

இது நடைமுறையில் பலிப்பதற்குக் காரணம் உண்டு. அல்சைமர் நோய் பெரும்பாலும் புதிய நிகழ்ச்சிகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியை முதலில் தாக்குகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் செய்து கைப்பழக்கமாகிவிட்ட வேலைகள் மூளையின் ஆழத்தில் உள்ள வேறு பகுதிகளையும் சிறுமூளையையும் சார்ந்தவை, அவை நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. காலையில் யார் வந்து போனார்கள் என்பதை மறந்துவிட்டவர், ரேஸரைக் கையில் கொடுத்துக் கண்ணாடி முன் நிறுத்தியதும் தாடையைச் சாய்த்துத் தானே சவரத்தைத் தொடங்குவது இதனால்தான்.

தடுமாற்றமும் எல்லோருக்கும் ஒரே வகையாக இருப்பதில்லை. சிலருக்குத் தொடங்குவதுதான் கடினம். மூளையின் முன்பகுதி பாதிக்கப்படுவதால் வரும் இந்த முனைப்பின்மையைக் குடும்பத்தார் சோம்பல் என்றோ வீம்பு என்றோ எடுத்துக்கொண்டு வருந்துகிறார்கள். வேறு சிலருக்குத் தொடங்கிய பின் அடுத்து என்ன என்பது பிடிபடாமல் போகிறது. சிலருக்குப் பொருளைப் பார்த்தும் அது இன்னதென்று தெரிவதில்லை. விரல் மூட்டு வலியினால் பொத்தான் போட முடியாதவரைக்கூட மறதியினால் முடியவில்லை என்று எண்ணிவிடுவதுண்டு. உங்கள் தந்தை சவரத்தைப் பாதியில்தான் நிறுத்துகிறார் என்றால், அவருக்குத் தொடங்கத் தெரிகிறது, ரேஸரையும் அடையாளம் தெரிகிறது, வரிசைதான் நடுவில் விட்டுப்போகிறது. அருகில் நின்று மறு கன்னத்தை மெல்லத் தொட்டு, “இந்தப் பக்கம், அப்பா” என்று சொன்னாலே பெரும்பாலும் கை மறுபடி நகரும். பாதுகாப்பு கருதி மின்சார ரேஸர் வாங்கித் தருபவர்கள், அது அவர் கைக்குப் பழகாத பொருள் என்பதை மறந்துவிடுகிறார்கள். அவர் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறார் என்றாலோ, வெட்டிக்கொள்ளும் ஆபத்து உண்மையிலேயே தெரிந்தாலோ மட்டும் மாற்றுங்கள்.

உடுத்துவதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைப் பழகிவிட்டால் மற்ற வேலைகளுக்கும் வழி தெரியும். அலமாரியில் அந்தப் பருவத்துக்கான சில உடைகளை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை அப்புறப்படுத்துங்கள். உடுத்த வேண்டியவற்றைப் படுக்கையின் மேல் உடுத்தும் வரிசையிலேயே வையுங்கள், முதலில் போட வேண்டியது கைக்கு முதலில் எட்டட்டும். சட்டையின் முன்பக்கத்தை விரித்து, கை நுழைய வேண்டிய வாய் அவரைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, பேசாமல் காத்திருங்கள். பத்து விநாடி ஆகியும் கை வரவில்லையென்றால் “இந்தக் கை, அப்பா” என்று மட்டும் சொல்லுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அதே சொற்களையே மறுபடி சொல்லுங்கள், ஏனெனில் வேறு சொற்களில் சொன்னால் அவர் புரிந்துகொள்ளும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகே முழங்கையைத் தொட்டு வழிகாட்டலாம். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போடச் சொன்னால் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும், மாற்றிப் போடுவதும் குறையும். இவ்வளவுக்குப் பிறகும் சட்டை உள்வெளி மாறியிருந்து, அன்று அவர் வீட்டில்தான் இருக்கப்போகிறார் என்றால், அதை அப்படியே விட்டுவிடுங்கள், அதனால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், அதை மறைப்பதற்கில்லை. வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் எல்லாவற்றையும் இப்படிச் செய்ய உங்களால் முடியாது, செய்யவும் வேண்டாம். அவருக்கு எந்த ஒரு வேலை மிகவும் பெருமையானதோ, அதைத் தேர்ந்து அதற்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள், மற்றவற்றில் உதவுங்கள். பிரித்தானிய உளவியலாளர் டாம் கிட்வுட் 1990-களில் மறதிநோய்ப் பராமரிப்பை நெருங்கிக் கவனித்து, நோயாளியைக் குழந்தையாக நடத்துவது, அவரால் எட்ட முடியாத வேகத்தில் பேசுவது, அவரை வைத்துக்கொண்டே அவர் இல்லாததுபோல் பேசுவது ஆகியவை நல்ல மனிதர்களிடமும் காணப்படுகின்றன என்றும், அவை நோயாளியை நோய்க்கு மேலாகவும் நலிய வைக்கின்றன என்றும் எடுத்துச் சொன்னார். பராமரிப்போர் எவரும் அவ்வப்போது தம்மைச் சரிபார்த்துக்கொள்ள அந்த மூன்றும் போதும்.

விருப்பத்தைக் கேட்கும் முறையும் நோயின் போக்குக்கேற்ப மாற வேண்டும். “எதை உடுத்துகிறீர்கள்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, தம்மிடம் உள்ள உடைகளை எல்லாம் அவர் மனத்தில் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அது முடியாதபோது “உங்கள் இஷ்டம்” என்று சொல்லிவிடுகிறார், நாமும் அவருக்கு விருப்பமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். இரண்டு சட்டைகளைக் கையில் பிடித்துக் காட்டினால் அவர் ஒன்றைத் தொடுவார். பேச்சு மிகவும் குறைந்துபோகும் நாளில், ஒன்றைக் காட்டும்போது முகம் மலர்கிறதா சுளிக்கிறதா என்பதையே அவருடைய பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் ஏற்க முடியாத எதையும் கேள்வியாகக் கேட்காதீர்கள். “மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டுவிட்டு, “வேண்டாம்” என்றதும் வற்புறுத்தினால், கேட்டதே பொய் என்று ஆகிவிடும். இப்போது சாப்பிடலாமா, செய்தி கேட்ட பிறகு சாப்பிடலாமா என்று கேட்டால் அவர் எதைச் சொன்னாலும் உங்களால் ஏற்க முடியும்.

குளியலில் அவர் கோபப்படுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கக்கூடும். குளிர், நீர் முகத்தில் விழும் அதிர்ச்சி, தரையின் ஆழம் சரியாகத் தெரியாத பயம் ஆகியவற்றோடு, மகளின் முன் உடையின்றி நிற்கும் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அண்ணனோ ஆண் பராமரிப்பாளரோ உதவினால் அவருக்கு எளிதாக இருக்குமா என்று அவரிடமே கேளுங்கள். அறையை முன்பே வெதுவெதுப்பாக்கி, தோளிலும் மடியிலும் பெரிய துண்டைப் போர்த்தி, உட்கார வைத்து, நீர்க்குழாயை அவர் கையிலேயே கொடுத்துக் காலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அவருடைய வயதில் அன்றாடம் முழுக் குளியல் மருத்துவக் கட்டாயம் அல்ல. முகம், அக்குள், பிறப்புறுப்புப் பகுதி ஆகியவற்றை நாள்தோறும் சுத்தம் செய்துவிட்டு, முழுக் குளியலை வாரத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மறுக்கும் நாளில் விட்டுவிட்டுச் சிறிது நேரம் கழித்துக் கேட்பது தோல்வி அல்ல. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அல்சைமர் நோயாளிகள் பார்த்த படக்காட்சிகளை விரைவில் மறந்துவிட்டாலும், அவை எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் அதற்குப் பின்னும் நீடித்ததைக் கண்டார்கள். காலையில் வலுக்கட்டாயமாகக் குளிப்பாட்டப்பட்டவர் மதியம்வரை காரணம் தெரியாமலே கலங்கி இருப்பது இதனால்தான்.

வீட்டில் செய்ய வேண்டிய மாற்றங்கள் அதிகமில்லை. கழிப்பறைக் கதவில் படம் ஒட்டி இரவில் விளக்கை எரியவிடுவது, வழுக்கும் விரிப்புகளை அகற்றுவது, தானாக அணையும் அடுப்பு, சுவரின் நிறத்திலிருந்து வேறுபட்டுத் தெரியும் கைப்பிடிகள் ஆகியவை போதும். சாப்பாட்டுத் தட்டும் உணவின் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடட்டும்.

பணப்பையைத் திருப்பிக் கொடுங்கள். தொலைந்தால் குடும்பத்தைப் பாதிக்காத சிறு தொகையும், உங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டையும் அதில் இருக்கட்டும். வங்கிக் கணக்கில் பெரிய தொகை எடுப்பதற்கு வரம்பு வைத்துக்கொண்டு, தொலைபேசி மோசடிக்காரர்களிடமிருந்து அவரைக் காக்கும் ஏற்பாடுகளை நீங்கள் கவனியுங்கள்.

நடைக்குப் போவதைப் பற்றி அண்ணனுடைய அச்சம் நியாயமானது, அவர் சொல்லும் வழி மட்டும் சரியில்லை. பூட்டிய கதவு பதற்றத்தைக் கூட்டும், தீ விபத்து நேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகும். முதலில் சில நாட்கள் அவருக்குப் பத்தடி பின்னால் நடந்து பாருங்கள். சாலையைக் கடக்கும்முன் இரு பக்கமும் பார்க்கிறாரா, திருப்பங்களில் தயங்குகிறாரா, வழியில் எதிர்பாராத தடை வந்தால் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மூன்றிலும் நம்பிக்கை வந்தால், அதே பாதையில் அதே நேரத்தில் அவர் தனியே போய்வரட்டும். மாலை மங்கும் நேரத்தில் பலருக்குக் குழப்பம் கூடும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பும்படி நேரத்தை முன்னுக்குத் தள்ளுங்கள். பெயரும் எண்ணும் பொறித்த கைவளையம், இருப்பிடம் காட்டும் கைக்கடிகாரம், வழியில் உள்ளவர்களுக்கு ஒரு சொல் ஆகிய மூன்றும் வேண்டும். கடிகாரம் எதற்கு என்பதை அவரிடம் சொல்லி, அவர் சம்மதத்துடன் கட்டிவிடுங்கள். அது வழி தவறியவரைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர, வாகனத்திலிருந்து காக்காது. எனவே சாலையைக் கடப்பதில் தவறு தெரிந்தால் தனிநடை அத்துடன் நிற்க வேண்டும், நடை நிற்க வேண்டாம். ஒருவர் கூடப் போகட்டும், எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அப்பாவே தீர்மானிக்கட்டும். குறித்த நேரத்துக்குத் திரும்பாவிட்டால் காத்திராமல், அண்மைய புகைப்படத்துடன் உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வாகனம் ஓட்டுவது பற்றி நீங்கள் எழுதவில்லை. அவர் இன்னும் ஓட்டுகிறார் என்றால் மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள், பிறர் உயிர் சம்பந்தப்பட்ட அந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

நோய் உறுதியானதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை. 2006-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, சட்டத்தின்முன் அவர்களும் சமமானவர்கள் என்றும், முடிவெடுக்கத் தேவையான ஆதரவை அவர்களுக்கு அளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தகுதி என்பது ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டியது. சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும்வரை மனத்தில் வைத்திருக்கிறாரா, நன்மை தீமைகளைச் சீர்தூக்குகிறாரா, எந்த வழியிலாவது தெரிவிக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். வீட்டை விற்பதைப் பற்றி முடிவெடுக்க இயலாதவரால், யார் தம்மைக் குளிப்பாட்ட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். தெளிவாக இருக்கும் வேளையில், பெரும்பாலும் காலையில், கேளுங்கள்.

பெரிய முடிவுகளுக்கான நேரம் இதுவே. உங்களில் யார் அவருக்காகப் பணத்தைக் கவனிப்பது, சிகிச்சை முடிவுகளில் யார் பேசுவது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போனால் எங்கே இருக்க விரும்புகிறார் என்பவற்றை அவர் வாயாலேயே கேட்டு, உங்கள் நாட்டுச் சட்டப்படி ஆவணமாக்க வழக்கறிஞரை அணுகுங்கள். சில நாடுகளில் சாதாரண அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்ததும் செல்லாததாகிவிடும் என்பதால், அதற்குப் பிறகும் நீடிக்கும் ஏற்பாடு எது என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணனுடன் இதையெல்லாம் பேசும்போது அப்பாவும் அந்த அறையில் இருக்கட்டும், முதல் கேள்வி அவரிடமே போகட்டும். அவர் சொன்னவற்றை, எதைத் தானே செய்துகொள்கிறார், எந்தப் படியில் உதவி வேண்டும் என்ற குறிப்புடன் சேர்த்து அவருடைய சொற்களிலேயே தேதியிட்டு எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். பராமரிக்க வெளியிலிருந்து யார் வந்தாலும் முதல் நாளே அந்தத் தாளைப் படிக்கக் கொடுங்கள்.