தொழில் தெரியும், சான்றிதழ்தான் இல்லை

கேள்வி: 12 வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். ஓ.எல். சரிவரவில்லை. கட்டார் போகலாம் என்று ஏஜென்சியில் கேட்டால் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) கொண்டுவரச் சொல்கிறார்கள். இந்த வயதில் திரும்பவும் வகுப்பில் போய் இருக்க வேண்டுமா?
- வாசகர், வவுனியா

பதில்: தேவையில்லை. பயிற்சி நிலையத்தில் படித்து எடுப்பது ஒரு வழி, நைட்டாவில் (அரசின் பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகார சபை) பயிலுநராகப் பதிந்து வேலைத்தளத்தில் பழகிக்கொண்டே எடுப்பது இன்னொரு வழி. உங்களைப் போல ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்கு ஆர்.பி.எல். இருக்கிறது, அதாவது முன்பே கற்றதை அங்கீகரிப்பது. அதற்கும் நைட்டாவில் விண்ணப்பிக்கலாம். அங்கே ஓ.எல். பெறுபேற்றை விட எங்கே, எத்தனை வருடம், என்ன வேலை செய்தீர்கள் என்பதுதான் பேச்சு.

என்.வி.கியூ.வில் மொத்தம் 7 மட்டங்கள். 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். ஒரு வீட்டு வயரிங்கை யாரும் பக்கத்தில் நில்லாமல் தொடங்கி முடிப்பவர் என்றால் 4ஐயே கேளுங்கள், 3உடன் திருப்திப்பட வேண்டாம். பின்னால் டிப்ளோமா படிக்க ஆசை வந்தால் ஏ.எல். இல்லாமலே அந்த 4 கதவைத் திறக்கும்.

மதிப்பீட்டில் புள்ளி கிடையாது. தொழிலை அலகு அலகாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் தேர்ச்சி அல்லது இன்னும் தேர்ச்சியில்லை, அவ்வளவுதான். டிபி போர்டை (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) பொருத்தச் சொன்னால் உங்கள் கை தன்பாட்டில் செய்துவிடும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தொடுமுன் மெயினை ஓஃப் பண்ணினீர்களா, டெஸ்டர் வைத்துப் பார்த்தீர்களா என்பதையும் பார்ப்பார்கள். அப்புறம், "பிரேக்கர் இருக்கே, ட்ரிப் சுவிட்ச் எதுக்கு?" என்று கேட்டால், "வழக்கமா போடுறதுதான்" என்று சொல்லிவிடாதீர்கள். லோட் கூடினாலோ ஷோர்ட் ஆனாலோ பிரேக்கர் விழும், ஆளுக்கு ஷொக் அடிக்கும் அளவு சின்ன மின் ஒழுக்குக்கு அது அசையாது, ட்ரிப் சுவிட்ச்தான் விழும் என்று விளக்க வேண்டும். நல்ல பாஸ்மார் தடுக்கி விழுவது இந்த வாய்ப்பேச்சில்தான்.

ஏஜென்சியில் யாராவது "காசு தாங்க, நாங்களே எடுத்துத் தாறம்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். இப்போதைக்கு, முன்பு வேலை செய்த இடங்களில் கடிதம் வாங்குங்கள், ஃபோனில் கிடக்கும் சைட் படங்களை அழிக்காதீர்கள், இரண்டும் ஆர்.பி.எல்.லுக்குக் கொடுக்கும் உங்கள் ஆதாரக் கோவைக்கு வேண்டும்.