கொட்டேஷனில் இல்லாத கிராபிக்ஸ் கார்டு

கேள்வி: மகன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு படிக்கிறான். மானிட்டர் நீங்கலாக 40 ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு டெஸ்க்டாப் வேண்டும். புரோகிராமிங், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், ஓய்வு நேரத்தில் வேலரன்ட் கேம். ஒரு கடையில் ‘ஐ5 12400எஃப், எச்610 போர்டு’ என்றும், இன்னொரு கடையில் ‘ரைசன் 5 5600ஜி, பி450 போர்டு’ என்றும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டிலும் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. எதை எடுக்கலாம்?

பதில்: முதல் கொட்டேஷனில் கிராபிக்ஸ் கார்டு எங்கே? நீங்கள் எழுதியதில் இல்லை. கடைக்காரரும் எழுதவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் படமே வராது. இன்டெல் பிராசசர் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ போர்ட் என்னவோ இருக்கும். மானிட்டரைச் செருகினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். அப்புறம் “சின்னதா ஒரு கார்டு போட்டுக்கலாம் சார்” என்று ஜிடி 710 மாதிரி ஒரு பழைய கார்டைத் தலையில் கட்டுவார்கள். அதற்கு எஃப் இல்லாத 12400-ஐயே கேட்டு வாங்கிவிடலாம். ரைசன் தயாரிக்கும் ஏஎம்டியில் கதை கொஞ்சம் வேறு: 5600 என்று மொட்டையாக இருந்தால் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி என்றால் உண்டு.

இரண்டுக்குமே 6 கோர், 12 த்ரெட். மகனின் புரோகிராமிங்குக்கு எது வாங்கினாலும் போதும். முடிவு செய்யவேண்டியது வேறொன்று: ஓரிரு வருடத்தில் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்குவீர்களா?

வாங்க மாட்டோம் என்றால் 5600ஜி. அதற்குள் இருக்கும் வேகா கிராபிக்ஸ், 12400-இல் உள்ள யுஎச்டி 730-ஐவிட நன்றாகவே கேம் ஓட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. வேகாவுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமில் இருந்துதான் கடன் வாங்குகிறது. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருந்தால் போக்குவரத்துக்கு ஒரு பாதைதான் திறக்கும்; 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போட்டால் இரண்டு பாதை. கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பெரும்பாலான கொட்டேஷன்களில் வெறுமனே ‘16 ஜிபி’ என்றுதான் இருக்கும், எட்டும் எட்டுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கார்டு வாங்கும் எண்ணம் உண்டு என்றால் எஃப் இல்லாத 12400. 5600ஜி-யில் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பிதான், பிசிஐஇ-யும் (கார்டு, எஸ்எஸ்டி பேசும் பாதை) மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல அந்தப் பாதையில் நான்கே லேன் (தடம்) கொண்ட மலிவு கார்டுகள் அதில் நன்றாக அடிவாங்கும். வீடியோ எடிட்டிங் அதிகம் என்றாலும் இன்டெல் பக்கம் ஒரு சாதகம் உண்டு: க்விக் சிங்க் என்ற, பிராசசரின் கிராபிக்ஸுக்குள் இருக்கும் வீடியோ வசதியால் ஃபோனில் எடுத்த எச்.265 (சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை) வீடியோவை டைம்லைனில் இழுக்கும்போது திக்காது.

சரி, போர்டு. 12400-க்கு எச்610 தாங்கும். ரேம் ஸ்லாட் இரண்டுதான், நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும், அவ்வளவே. பின்னாளில் ஐ7 போடும் ஆசை இருந்தால் மட்டும் பி760-க்குப் போங்கள். எச்610-இல் டிடிஆர்4 ரேமுக்கானது, டிடிஆர்5 ரேமுக்கானது என இரண்டு வகையும் கிட்டத்தட்ட ஒரே பெயரில் வருகின்றன. ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது, நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். 5600ஜி-க்கு ஏ520 போதும். பி550-க்கு அதிகம் கொடுத்தாலும் அதன் நான்காம் தலைமுறை பிசிஐஇ-யை இந்தப் பிராசசரால் பயன்படுத்த முடியாது. உங்களுக்குச் சொன்ன பி450 2018-இல் வந்தது, 5600ஜி 2021-இல் வந்தது. பழைய ஸ்டாக் என்றால் பயாஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யாமல் பிராசசரை அடையாளமே காணாது. பெட்டியின் மேல் ‘ரைசன் 5000 ரெடி’ ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடையிலேயே பூட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

‘நாளைக்கு அப்கிரேட் பண்ணலாம்’ என்று யாராவது சொன்னால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 12400 உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்தது. 5600ஜி உட்காரும் ஏஎம்4-க்குப் பதிலாக 2022-இலேயே ஏஎம்5 வந்துவிட்டது. மேலே ஏற வழியுள்ளது ஏஎம்5தான், ஆனால் அதற்கு டிடிஆர்5 கட்டாயம். 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய பிறகு 40 ஆயிரத்துக்குள் அதை நான் சொல்ல மாட்டேன். வீட்டில் பழைய கம்ப்யூட்டரில் டிடிஆர்4 ஸ்டிக் கிடந்தால் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள், காசு மிச்சம்.

மூன்றாவதாக ஒரு கடை ‘ஐ5, புது எச்61 போர்டு, பாதி விலை’ (எச்610 அல்ல, எச்61) என்றால் தொடவே வேண்டாம். அது 2012 காலத்து ஐ5. விண்டோஸ் 11-ஐ அதில் மைக்ரோசாஃப்ட் ஆதரிக்காது, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது.

நீங்கள் கார்டு பற்றி ஒன்றும் சொல்லாததால் என் ஓட்டு 5600ஜி, ஏ520, 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. மிச்சம் வருவதை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் தரும் பெட்டி) போடுங்கள், கேபினட்டோடு இலவசமாக வருவது வேண்டாம்.

கடையில் ஒரு வேலை பாக்கி. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், எல்ஜிஏ1700-இல் போர்டில் இருக்கும். எதுவானாலும் பொருத்துவதற்கு முன் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். நுனிகள் வரிசை பிசகாமல் மின்ன வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் ஒளி மாறித் தெரிந்தால் பின் வளைந்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு சொன்னால் ‘ஃபிசிக்கல் டேமேஜ்’ என்று வாரன்டியை மறுத்துவிடுவார்கள். பிராசசர் சீல் பிரிக்காத பெட்டியில் வரட்டும். பெட்டியில்லாமல் உதிரியாக வரும் ட்ரே பிராசசரில் கூலரும் இருக்காது, கம்பெனி வாரன்டியும் இருக்காது, கடைக்காரர் வாய்ச்சொல்தான். பில்லில் பிராசசர், போர்டு இரண்டின் சீரியல் நம்பரும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.