நூலகமா, கோச்சிங் சென்டரா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அண்ணாச்சிக்கு வணக்கம்.

ரொம்ப வருஷம் துபாய்ல இருந்துட்டு இப்போ ஊரோட வந்துட்டேன், வீரவநல்லூர் பக்கம். போன வாரம் எங்க ஊர் கிளை நூலகத்துக்குப் போனேன். ஸ்கூல் படிக்கையில கதை புக்கு எடுத்த இடம். உள்ள போனா உக்கார சேர் இல்லை, எல்லாம் குரூப் 4, குரூப் 2, போலீஸ் பரீட்சைன்னு படிக்கிற பிள்ளைங்க. கதை ரேக்கையெல்லாம் பின்னால சுவரோட ஒதுக்கிப் போட்டிருக்காங்க. நான் பேப்பர் புரட்டுன சத்தத்துக்கு ஒரு பொண்ணு திரும்பி முறைக்குது. இது நூலகமா, கோச்சிங் சென்டரா? இவங்களுக்குன்னு தனியா ஒரு இடத்தைக் குடுத்து அனுப்பிட்டா என்ன? நம்ம காலத்து நூலகம் செத்துப்போச்சுன்னுதான் எனக்குத் தோணுது.

இப்படிக்கு உங்கள் வாசகன்.

*

அன்புள்ள தம்பி,

உங்க வருத்தம் புரியுது. ஆனா அந்தப் பிள்ளைங்களை அங்கேயிருந்து அனுப்பிரணும்னு சொல்லுதீங்க பாத்தீங்களா, அதை மட்டும் என்னால ஒத்துக்கிட முடியாது.

நம்ம காலத்து நூலகம்னு சொல்லுதோமே, அதுல யாரு உக்காந்திருந்தா? காலையில கதவைத் திறந்ததும் பேப்பருக்கு வர்ற பெரியவங்க, தினத்தந்தியைத் தாள் தாளாப் பிரிச்சு ஆளுக்கொண்ணா வச்சிருப்பாங்க, சாயங்காலம் வேலையில்லாத பையங்க, வாத்தியாருங்க ரெண்டு மூணு பேரு. ஒரு பொம்பளப் பிள்ளை அந்த பெஞ்சுல உக்காந்து படிச்சு நான் பார்த்ததே கிடையாது. உக்காரக்கூடாதுன்னு யாரும் போர்டு எழுதி வைக்கலை, ஆனா உக்கார மாட்டாங்க, அவ்வளவுதான். இன்னைக்கு அதே ரூம்ல காலையில டிபன் பாக்ஸோட வந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கிறதுல பாதிக்கு மேல பொண்ணுங்க. வீட்ல தனி ரூம் கிடையாது, கோச்சிங் சென்டருக்குக் கட்ட காசு கிடையாது, இங்க ஃபேனுக்கு அடியில ஒரு சேர் சும்மா கிடைக்குது. தென்காசி வ.உ.சி. நூலகத்துல அப்படி உக்காந்து படிச்சு வேலைக்குப் போன பிள்ளைங்க எத்தனையோ பேரு. இதைப் பார்த்து நூலகம் செத்துப்போச்சுன்னு சொன்னா எனக்கு மனசு வலிக்குது.

செத்துப்போனது வேற ஒண்ணு தம்பி. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போற பழக்கம்.

முக்கூடல், ஆழ்வார்குறிச்சி, கடையம் பக்கமெல்லாம் அப்போ வீட்டுக்கு வீடு பீடி சுத்துவாங்க. எங்க சின்னம்மா வீட்டுத் திண்ணையில மத்தியானம் அஞ்சாறு பொம்பளைங்க மடியில தட்டை வச்சிக்கிட்டு இருப்பாங்க, அதுல எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச அக்கா ஒருத்தி, அவங்க கை மட்டும் சும்மா இருக்கும், ஏன்னா அவங்கதான் நாவலை சத்தமா வாசிக்கணும். அவங்க பங்கு பீடியை மத்தவங்க எல்லாரும் பிரிச்சு சுத்திக் குடுத்துருவாங்க, கடையில கணக்குக் குடுக்கும்போது அந்த அக்காவுக்கு ஒரு பீடி குறையாது. அந்த நாவல் எங்கேருந்து வந்துச்சு? என்னை மாதிரி டவுசர் போட்ட பையன் ஒருத்தன் நூலகத்துல எடுத்துட்டு வந்து குடுத்தது. என் பேருல கார்டு, படிச்சது ஒரு தெரு. நூலகத்து வாசப்படியை மிதிக்காத பொம்பளைங்களுக்கும் புக்கு போய்ச் சேர்ந்துச்சு.

அடுத்த தடவை போகும்போது அந்த ஒதுக்கிப் போட்ட ரேக்குல இருந்து பழைய நாவல் ஒண்ணை உருவி கடைசிப் பக்கத்துல ஒட்டியிருக்கிற தேதிச் சீட்டைப் பாருங்க. எங்க ஊர்ல நான் பார்த்த புக்குல எல்லாம், ஊதா மையில ஒரு வரிசை நெருக்கி அடிச்சிருக்கு, 1980கள்ல இடம் பத்தாம மேல இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கு, 90கள் பாதிக்கு மேல, கேபிள் டிவி வந்த பிறகு, முத்திரை வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஆகி அப்புறம் வெறும் கட்டம்தான். அந்தப் பரீட்சைப் பிள்ளைங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நின்னுபோச்சு. பழியை அவங்க மேல போடக்கூடாது.

சொல்லப்போனா அவங்கதான் இப்போ தமிழ் படிக்கிறாங்க. குரூப் 4ல 200 கேள்வியில 100 தமிழ். அதனால ஆறாம் வகுப்புலேருந்து பள்ளிக்கூடத் தமிழ் புக்கை வரி விடாம வாசிக்கிறாங்க. எங்க ஊர்ல ஒரு பிள்ளை பாடத்துல சுருக்கிப் போட்டிருந்த கதையோட முழுசும் கிடைக்குமான்னு நூலகர்கிட்ட கேட்டுச்சு. புக்கு உள்ள இருக்கு, ஆனா தேடி எடுத்துக் குடுக்க ஆள் இல்லை, அந்த ஒரே நூலகர்தான் பக்கத்து ஊருக்கும் பொறுப்பு, வாரத்துல பாதி நாள் அங்க. எனக்கு இதுதான் ஆத்திரம்.

காசு இல்லாம இல்லை தம்பி. 1948லயே பொது நூலகச் சட்டம் போட்ட மாகாணம் இது, சுதந்திர இந்தியாவுல முதல் சட்டம், பின்னால நின்னு உழைச்சவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். அந்தச் சட்டப்படி வீட்டு வரியோட சேர்த்து நம்மகிட்ட நூலக வரி வாங்குறாங்க, இப்போ ரூபாய்க்கு 10 பைசா. ஆயிரம் ரூபாய் வீட்டு வரி கட்டுனா நூறு ரூபாய் நூலகத்துக்கு. ரசீதுல தனியாப் போட்டிருக்கும், எடுத்துப் பாருங்க. வசூல் பண்றது நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி, அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டணும். பல ஊர்கள்ல கட்டாம பாக்கி வச்சிருக்காங்க. 2006ல அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்னு சொல்லி ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டுனாங்களே, அதுல எத்தனை இன்னைக்குப் பூட்டிக் கிடக்குன்னு நம்ம பக்கம் பஸ்ல போனாலே தெரியும். மதுரையில 2023ல அவ்வளவு பெரிய நூலகம் திறந்தாங்க, சந்தோஷம்தான், ஆனா வீரவநல்லூர்க்காரன் ஒரு நாவல் எடுக்க மதுரைக்கா போக முடியும்?

அதனால ரெண்டு காரியம் செய்யுங்க. உங்க பேருல, வீட்ல உள்ளவங்க பேருல மெம்பர் ஆயி மாசாமாசம் புக்கு வீட்டுக்கு எடுங்க, எடுக்கிற ஆள் இருந்தாதான் புது புக்கு கேட்க வாய் இருக்கும். அப்புறம் உங்க ஊர் பேரூராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க, அஞ்சு வருஷமா நூலக வரி எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு கட்டியிருக்குன்னு. பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க, இங்கேயே போடுதேன். மனு எழுத அந்த முறைச்ச பொண்ணுகிட்டயே கேளுங்க, அந்தச் சட்டமும் அவங்க சிலபஸ்ல உண்டு.

வெள்ளிக்கிழமை லீவு, அன்னைக்குப் போயிராதீங்க.

அன்புடன்,
அண்ணாச்சி